மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: சீக்கிரம் எழுந்து நடந்து வீட்டுக்குப் போக ஒரு வழிகாட்டி

முழங்கால் மூட்டையோ இடுப்பு மூட்டையோ மாற்றிக்கொண்ட ஒருவர் மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார். அவரை அங்கே நிறுத்தி வைத்திருப்பது எது? டென்மார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலெட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்தக் கேள்வியையே நேரடியாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். 2011-இல் வெளிவந்த அந்த ஆய்வில் முன்னால் நின்ற காரணங்கள் மூன்று: வலி, தலைசுற்றல், உடம்பில் தெம்பில்லாமை. அவற்றோடு காத்திருப்பும் சேர்ந்துகொண்டது. பிசியோதெரபி தொடங்கவில்லை, எக்ஸ்ரே எடுக்கவில்லை, ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது என்று நாள் போனது.

இந்தக் காரணங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாவற்றையும் முன்கூட்டியே குறைக்க முடியும். அதில் பெரும் பகுதி ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்பே, வீட்டில் வைத்துச் செய்யக்கூடிய வேலை. முதல் தடவை இந்த அறுவை சிகிச்சையைச் சந்திக்கும் குடும்பங்களுக்காக, குறிப்பாக நோயாளியின் கூட இருக்கப்போகிறவரை மனதில் வைத்து, இதை எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதே சரி. உடம்புக்கு உடம்பு நிலைமை மாறும்.

இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1962-இல் இன்றைய இடுப்பு மூட்டு மாற்றுக்கு வடிவம் கொடுத்த காலத்தில் நோயாளிகள் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். இப்போது பல இடங்களில் ஒன்று முதல் மூன்று நாள்தான். உடல்நிலை நன்றாக இருக்கும் சிலர் அன்று மாலையே வீட்டுக்குப் போகிறார்கள். இதைக் கேட்டதும் "இவ்வளவு சீக்கிரம் கால் ஊன்றினால் வைத்த மூட்டு அசைந்துவிடாதா?" என்று பயம் வருவது இயல்பு. சிமென்ட் வைத்துப் பொருத்தும் மூட்டு என்றால், அந்த சிமென்ட் ஆபரேஷன் மேசையிலேயே சுமார் கால் மணி நேரத்தில் இறுகிவிடும். சிமென்ட் இல்லாத வகையையும் எலும்புக்குள் அசையாதபடி இறுக்கமாகத்தான் பொருத்துகிறார்கள். அதனால் பெரும்பாலானவர்கள் அன்றே முழு எடையையும் ஊன்றலாம். எலும்பு மிகவும் மெலிந்திருந்தாலோ, ஏற்கெனவே மாற்றிய மூட்டைத் திரும்ப மாற்றினாலோ மருத்துவர் கட்டுப்பாடு சொல்லலாம். "எவ்வளவு எடை ஊன்றலாம்?" என்பதை மட்டும் ஆபரேஷன் முடிந்ததும் தெளிவாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: தேதி முடிவானதும், குறைந்தது நான்கு வாரம் முன்பே

முதலில் ஹீமோகுளோபின். இதைத்தான் பலரும் கடைசி வாரத்தில் பார்க்கிறார்கள், அப்போது நேரம் போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்களுக்கு 13 கிராமுக்கும் பெண்களுக்கு 12 கிராமுக்கும் கீழே இருந்தால் அது ரத்தசோகை. அப்படியே மேசைக்குப் போனால் ஆபரேஷனில் இழக்கும் ரத்தத்தை உடம்பு தாங்காது. எழுந்து நின்றால் கண் இருட்டும், நடக்கத் தெம்பிருக்காது, வெளி ரத்தம் ஏற்ற வேண்டிவரும். கேலெட் குழு கண்டுபிடித்த மூன்று காரணங்களில் இரண்டு இந்த ஒரு குறையிலிருந்தே கிளம்பிவிடும். இரும்புச்சத்து மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். அதனால் தேதி குறித்த அன்றைக்கே பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் ஏன் குறைந்தது என்றும் பார்க்கவேண்டும். வயதானவர்களுக்கு வயிற்றில் எங்கோ மெதுவாக ரத்தம் கசிந்துகொண்டிருப்பதும் காரணமாக இருக்கலாம்.

அடுத்து சர்க்கரை. மூன்று மாத சராசரி காட்டும் எச்பிஏ1சி அளவு 7.5 அல்லது 8-ஐத் தாண்டினால் பல மருத்துவர்கள் ஆபரேஷனைத் தள்ளிவைப்பார்கள். அதிக சர்க்கரை காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும், மூட்டுக்குள் கிருமி தங்கவும் வழி விடும். மூட்டுக்குள் கிருமி போனால் மறுபடி ஆபரேஷன், மாதக்கணக்கில் மருந்து என்று ஆகிவிடும். தள்ளிவைத்தார்கள் என்று வருத்தப்படவேண்டாம். அந்த இடைவெளி நோயாளியின் நன்மைக்குத்தான்.

புகைப்பழக்கமும் மதுவும் இருந்தால் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தவேண்டும். நுரையீரலுக்கும், காயத்துக்கும், எலும்புக்கும் அந்தக் கால அளவு தேவை. தினமும் நிறையக் குடிப்பவர் என்றால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் சேர்த்துவிட்டு, திடீரென்று நின்றுபோன மதுவால் இரண்டாம் நாள் கைநடுக்கமும் குழப்பமும் வருவது ஆபத்து.

சொத்தைப் பல், ஈறில் சீழ், சிறுநீர் போகும்போது எரிச்சல், காலில் ஆறாத புண், விரலிடுக்கில் வெடிப்பு, இவற்றில் எது இருந்தாலும் முதலிலேயே கவனித்துச் சரிசெய்யவேண்டும். கிருமி ஓரிடத்திலிருந்து ரத்தம் வழியாகப் புது மூட்டுக்குப் போய்ச் சேரலாம். அதே காரணத்துக்காக, ஆபரேஷன் செய்யப்போகும் காலில் வீட்டில் ரேசர் வைத்து முடி எடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் போதும் கிருமிக்கு. தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் எடுப்பார்கள்.

அவர் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். கை வைத்தியம், மூலிகை, கடையில் வாங்கிய வலி மாத்திரை எல்லாம் சேர்த்து. ரத்தத்தை இளக வைக்கும் மாத்திரைகளைச் சில நாட்கள் முன்பே நிறுத்தவேண்டியிருக்கும். சிலவகை சர்க்கரை மாத்திரைகளுக்கும் அப்படித்தான். ரத்த அழுத்த மாத்திரைகளில் சிலதை அன்று காலையிலும் போடச் சொல்வார்கள், சிலதை விடச் சொல்வார்கள். எதையும் நீங்களாக நிறுத்தவேண்டாம். தாளை மயக்க மருத்துவர் கையில் கொடுத்து, ஒவ்வொரு மருந்துக்கும் நேராக "எந்தத் தேதி வரை" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: காலையும் கையையும் பழக்குவது

முழங்கால் மாற்றிய முதல் மாதத்தில் தொடையின் முன்பக்கத் தசை தன் பலத்தில் பாதிக்கும் மேல் இழந்துவிடுகிறது. மூட்டுக்குள் வரும் வீக்கம் அந்தத் தசைக்கு வரும் நரம்புக் கட்டளையையே அடக்கிவிடுவது இதற்கு முக்கியக் காரணம். நோயாளி எவ்வளவு முயன்றாலும் "கால் என் பேச்சைக் கேட்கவில்லை" என்பார். அதனால் கையிருப்பில் கொஞ்சம் பலம் சேர்த்துவைத்துக்கொண்டு போவது நல்லது.

கஷ்டமான பயிற்சி எதுவும் தேவையில்லை. படுத்துக்கொண்டு முழங்காலின் பின்பக்கத்தைப் படுக்கையில் அழுத்தி ஐந்து எண்ணும்வரை தொடையை இறுக்குவது, காலை நேராக வைத்து ஒரு சாண் உயர்த்துவது, குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடி முழங்காலை மடக்குவது, பாதத்தை மேலும் கீழும் அசைப்பது. இவற்றைத் தினமும் இரண்டு மூன்று வேளை பத்துப் பத்து முறை செய்தால் போதும். ஆபரேஷனுக்குப் பிறகும் இவையேதான் கொடுக்கப்படும். வலியும் மயக்கமுமாக இருக்கும்போது புதிதாக ஒன்றைக் கற்பது சிரமம், ஏற்கெனவே பழகியதைச் செய்வது சுலபம். கைப்பிடியுள்ள நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி உடம்பை மேலே தள்ளி எழும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் முழுக்க எழுவதும் உட்காருவதும் கைபலத்தில்தான் நடக்கும்.

வாக்கரை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ உயரத்தைச் சரிசெய்துவிடுங்கள். நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால் வாக்கரின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேரே இருக்கவேண்டும். பிடித்து நிற்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கும். பிறகு வீட்டுக்குள்ளேயே நடந்து பழகட்டும்: முதலில் வாக்கர், அப்புறம் ஆபரேஷன் கால், அப்புறம் நல்ல கால்.

படி 3: வீட்டைத் தயார்செய்தல்

நோயாளி நடக்கிறார், வலி கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் வீட்டில் கட்டில் மாடியில் இருக்கிறது என்பதற்காக இரண்டு நாள் கூடுதலாகப் படுத்திருப்பவர்கள் உண்டு. அப்படி ஆகவிடவேண்டாம்.

படுக்கையைக் கழிப்பறைக்குப் பக்கத்தில், முடிந்தால் தரைத்தளத்தில் போடுங்கள். கட்டிலிலும் நாற்காலியிலும் உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்கவேண்டும். தாழ்ந்த சோபா, உள்ளே அமுங்கும் இருக்கை வேண்டாம். கைப்பிடி கட்டாயம் இருக்கவேண்டும். கழிப்பறை இருக்கை தாழ்வாக இருந்தால் உயர்த்தும் வளையம் வாங்கிப் பொருத்தலாம். பிடித்துக்கொள்ள சுவரில் ஒரு உறுதியான கம்பி. குளிக்க வழுக்காத கால்களுள்ள ஸ்டூல்.

படுக்கையிலிருந்து கழிப்பறைவரை நீங்களே வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே வாக்கர் இடிக்கிறது, எந்த மிதியடி நழுவுகிறது, எந்த வயர் குறுக்கே கிடக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். இரவில் விளக்கு எரியட்டும். வீட்டில் செல்லப்பிராணி இருந்தால் முதல் சில வாரம் காலடியில் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ஒரு வாரமாவது இரவில் ஒருவர் கூட இருக்கவேண்டும். யார் என்பதை இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

படி 4: ஆபரேஷன் நாள்

இந்த நாளில் உங்கள் வேலை குறைவு. பெரும்பாலானவர்களுக்குத் திட உணவை ஆறு மணி நேரம் முன்பும், தண்ணீர் போன்ற தெளிந்த திரவங்களை இரண்டு மணி நேரம் முன்பும் நிறுத்தினால் போதும் என்பதே இப்போதைய நடைமுறை. முந்தைய இரவிலிருந்தே ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிறவர்களுக்குப் பிறகு தலைசுற்றலும் வாந்தியும் அதிகம். உங்கள் மயக்க மருத்துவரிடம் சரியான நேரத்தைக் கேட்டு, அதுவரை குடிக்கச் சொல்லுங்கள். வயிறு மெதுவாகக் காலியாகும் நோயாளிகளுக்கு வேறு கணக்குச் சொல்வார்கள்.

பல இடங்களில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்கிறார்கள். ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்து கொடுக்கிறார்கள். ஜப்பானில் உட்டாகோ ஒகாமோட்டோவும் அவரது கணவர் ஷோசுகே ஒகாமோட்டோவும் 1960-களின் தொடக்கத்தில் கண்டறிந்த மருந்து இது. மூட்டு மாற்றில் ரத்தம் ஏற்றவேண்டிய தேவையை வெகுவாகக் குறைத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. மூட்டைச் சுற்றி மரப்பு மருந்தை நேரடியாகச் செலுத்துவதும் இப்போது வழக்கம்.

ஒரு கேள்வி மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: "சிறுநீர்க் குழாயோ ரத்தம் வடியும் குழாயோ போடுவீர்களா, போட்டால் எப்போது எடுப்பீர்கள்?" எல்லோருக்கும் இவை தேவைப்படுவதில்லை. ஒவ்வொரு குழாயும் நோயாளியைப் படுக்கையோடு கட்டிப்போடும், கிருமிக்கும் வழி. தேவை முடிந்த உடனே எடுத்துவிட்டால் அவரே எழுந்து கழிப்பறைக்குப் போகத் தொடங்குவார். அந்தப் போக்குவரத்தே நல்ல பயிற்சி.

படி 5: முதல் முறை எழுந்து நிற்பது

எனக்குத் தெரிந்து இந்த முழுப் பயணத்திலும் மிக முக்கியமான அரை மணி நேரம் இதுதான். நல்ல ஏற்பாடுள்ள வார்டுகளில் ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்தில், மரப்பு தெளிந்ததும், எழுப்பி நிறுத்துவார்கள். அன்றே நின்றவருக்கு மறுநாள் பயமில்லை. மறுநாள்வரை படுத்திருந்தவருக்குத் தசை தளர்ந்து, ரத்த ஓட்டம் மந்தமாகி, மனதிலும் தயக்கம் ஏறிவிடும்.

இங்கே குறுக்கே நிற்பது பெரும்பாலும் அன்புதான். "பாவம், இன்றைக்குத்தானே ஆபரேஷன், தூங்கட்டும், நாளைக்குப் பார்க்கலாம்" என்று பிசியோதெரபிஸ்டைத் திருப்பி அனுப்பும் உறவினர்கள் நிறைய. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். படுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பும் நுரையீரலில் சளி கட்டும் வாய்ப்பும் கூடுகின்றன.

செய்யும் முறை இது. நர்ஸோ பிசியோதெரபிஸ்டோ பக்கத்தில் இருக்கவேண்டும். விரல்கள் அசைகின்றனவா, தொடையை இறுக்க முடிகிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். நரம்பு மரப்பு ஊசி போட்டிருந்தால் முழங்கால் சட்டென்று மடங்கிவிடலாம், அதனால் அவர்கள் சரி சொல்லாமல் நிற்கவைக்கக்கூடாது. முதலில் படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்திச் சில நிமிடம். பிறகு கட்டிலின் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் அசைத்து, கொஞ்சம் தண்ணீர் குடித்து, இன்னும் இரண்டு மூன்று நிமிடம். தலை தெளிவாக இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகு, ஆபரேஷன் காலைச் சற்று முன்னால் நீட்டி, இரண்டு கைகளாலும் கட்டிலை ஊன்றி எழவேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழுந்தால் அது சாய்ந்துவிடும். நின்ற பிறகுதான் வாக்கருக்குக் கை மாறவேண்டும்.

நீங்கள் துணைக்கு நின்றால் ஆபரேஷன் கால் பக்கம், அரை அடி பின்னால் நில்லுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தேவைப்பட்டால் இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளலாம்.

வியர்வை, முகம் வெளுப்பு, கொட்டாவி, காதில் இரைச்சல், கண் மங்கல் வந்தால் உடனே உட்காரவைத்துப் படுக்கவைக்கவேண்டும். முதல் முறை நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குவது இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு சகஜம். அன்றைய முயற்சி அதோடு முடிந்ததாக எடுத்துக்கொள்ளவேண்டாம். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கேளுங்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நாலு அடி வைத்தாலும் அன்றைக்கு அது போதும். அப்புறம் சாப்பாட்டை நாற்காலியில் உட்கார்ந்தே சாப்பிடட்டும். நோயாளி உடுப்பை மாற்றி வழக்கமான உடைக்கு வந்துவிடுவதும் மனதுக்குத் தெம்பு தரும்.

படி 6: வலியை எப்படிக் கையாள்வது

வலி மருந்தில் பலரும் செய்யும் தவறு, வலி வந்த பிறகு மாத்திரை கேட்பது. வலி ஏறிய பிறகு அதை இறக்குவது சிரமம். மணி பார்த்து, வலி இருக்கிறதோ இல்லையோ, அடிப்படை மருந்துகளைப் போட்டுவிடவேண்டும். வழக்கமான அடித்தளம் பாராசிட்டமால். அதோடு, சிறுநீரகமும் வயிறும் இதயமும் இடம் கொடுத்தால், வீக்கத்தைக் குறைக்கும் வலி மாத்திரை ஒன்று. இவை இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதால் சேர்ந்து போகும்போது பலன் கூடுகிறது. மார்பின் வகை வலுவான மருந்துகள் இவற்றையும் தாண்டி வரும் வலிக்கு மட்டும், குறைந்த அளவில், சில நாட்களுக்கு. அவை வலியைக் குறைக்கும், ஆனால் தலைசுற்றலையும் வாந்தியையும் மலச்சிக்கலையும் கொண்டுவரும். வயதானவர்களுக்குக் குழப்பமும் வரும். நாம் எதைத் தவிர்க்கப் பார்க்கிறோமோ அதையே மருந்து கொடுத்துவிடும்.

பாராசிட்டமால் ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக்கூடாது. எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. மூட்டைச் சுற்றிப் போட்ட மரப்பு மருந்தின் வேலை ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடும். முதல் நாள் "வலியே இல்லை" என்று சிரித்துப் பேசியவர் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ முகம் சுளிப்பார். சீக்கிரம் டிஸ்சார்ஜ் ஆனவருக்கு இது வீட்டில் நடக்கும். ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று குடும்பம் பதறிவிடும். இப்படி வரும் என்று அவருக்கும் உங்களுக்கும் தெரிந்திருந்தால், முதல் நாள் வலி இல்லாதபோதும் மாத்திரையை விடாமல் போடுவீர்கள், அந்த ஏற்றம் தாங்கும்படி இருக்கும்.

பயிற்சிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு மாத்திரை விழும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய துணி சுற்றிய ஐஸ் பேக்கை 15 முதல் 20 நிமிடம் வைப்பது முழங்காலுக்கு நல்ல உதவி. நேரடியாகத் தோலில் வைக்கக்கூடாது.

படி 7: வார்டில் கவனிக்க வேண்டிய சில

வயதானவர் என்றால் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் முதல் நாளிலிருந்தே போட்டுவிடுங்கள். பார்க்கவும் கேட்கவும் முடியாமல் புது இடத்தில் கிடப்பவருக்குக் குழப்பம் சுலபமாக வரும். பகலில் வெளிச்சமும் பேச்சும், இரவில் இருட்டும் தூக்கமும் இருக்கட்டும். புதிதாகத் தூக்க மாத்திரை வேண்டாம்.

தண்ணீர், நார்ச்சத்து, தேவைப்பட்டால் மலமிளக்கி. மூன்று நாள் மலம் போகாமல் வயிறு உப்பிப்போன நோயாளிக்கு நடக்க மனமே வராது. இதைக் கேட்கக் கூச்சப்படவேண்டாம்.

படிக்கட்டுப் பயிற்சியை ஆஸ்பத்திரியிலேயே முடித்துவிடச் சொல்லுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும் வந்து சேரவேண்டும், ஒரு கை கைப்பிடியில். நீங்கள் ஏறும்போது அவருக்குப் பின்னாலும் இறங்கும்போது முன்னாலும் நிற்கவேண்டும்.

படி 8: வீட்டுக்குப் போகலாமா?

நாள் கணக்கைப் பார்க்கவேண்டாம். கீழே உள்ளவை நடக்கின்றனவா என்று பாருங்கள்.

- வாக்கருடன் தானாகவோ, பக்கத்தில் ஒருவர் நின்றால் போதும் என்ற நிலையிலோ நடக்கிறார்
- படுக்கையில் ஏறி இறங்கவும், நாற்காலியிலும் கழிப்பறையிலும் உட்கார்ந்து எழவும் முடிகிறது
- வீட்டில் படி இருந்தால் படி ஏறி இறங்கிப் பார்த்தாயிற்று
- வாய் வழி மாத்திரையிலேயே வலி தாங்கும்படி இருக்கிறது
- சாப்பிடுகிறார், சிறுநீர் தானாகப் போகிறது
- கட்டு காய்ந்திருக்கிறது, காய்ச்சல் இல்லை

இவை எல்லாம் சரி என்றால் இரண்டாம் நாளே போகலாம். ஒன்று இல்லையென்றாலும் அதை நர்ஸிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "இவருக்கு இன்னும் இது வரவில்லை, இன்றைக்கு என்ன செய்யலாம்?" பொத்தாம்பொதுவாக "இன்னும் ஒரு நாள் இருக்கட்டும்" என்பதைவிட அதற்குப் பலன் உண்டு.

கிளம்பும் முன் மூன்றை வாங்கிக்கொள்ளுங்கள்: நேரம் எழுதிய மருந்துத் தாள், தையல் அல்லது ஸ்டேப்பிள் எடுக்கும் தேதி, இரவிலும் எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண். மூன்றாவது இல்லாமல் கிளம்பாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வீக்கத்தைப் பார்த்துப் பயந்து திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடுபவர்களில் பலருக்கு ஐந்து நிமிடப் பேச்சு போதுமானதாக இருந்திருக்கும்.

படி 9: வீட்டில் முதல் இரண்டு வாரம்

முழங்கால் மாற்றியவர்களுக்கு முதல் விதி: முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். வைத்தால் சுகமாக இருக்கும், அதுதான் சிக்கல். மடங்கிய நிலையிலேயே மூட்டு இறுகிவிட்டால் பிறகு கால் நேராகாது. நேராகாத கால் நொண்டும், இடுப்பும் முதுகும் வலிக்கும். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முழங்கால் தன் எடையில் கீழே இறங்கும்படி ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். தினம் பல முறை. எல்லோரும் "எவ்வளவு மடங்குகிறது" என்றே கேட்பார்கள். நேராவதும் அதே அளவு முக்கியம்.

மடக்குவதற்கு, நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் தேய்த்துப் பின்னால் இழுக்கலாம். இரண்டு வாரத்தில் 90 டிகிரி பக்கம், ஆறு வாரத்தில் 110 அல்லது அதற்கு மேல் என்று பல பிசியோதெரபிஸ்ட்கள் இலக்கு வைப்பார்கள். நாற்காலியிலிருந்து வசதியாக எழவே 90 டிகிரிக்குச் சற்று மேல் வேண்டும்.

நடையைப் பொறுத்தவரை, ஒரே மூச்சில் நிறைய வேண்டாம். பகலில் மணிக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் நடப்பது, காலையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு மாலைவரை படுப்பதைவிட மேல். மறுநாள் வீக்கமும் வலியும் கூடியிருந்தால் முந்தைய நாள் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், கொஞ்சம் குறையுங்கள். வீக்கத்துக்குக் காலை உயர்த்துவது என்றால் பாதம் நெஞ்சைவிட மேலே இருக்கவேண்டும். உட்கார்ந்துகொண்டு ஸ்டூலில் கால் வைப்பது அதற்குப் போதாது, படுத்துக்கொண்டு காலின் முழு நீளத்துக்கும் தாங்கல் கொடுத்து உயர்த்தவேண்டும்.

பயப்படத் தேவையில்லாத சிலவும் உண்டு. தொடையிலும் கெண்டைக்காலிலும் கணுக்கால்வரை கூட நீலமாகக் கன்றிப்போகலாம். உள்ளே கசிந்த ரத்தம் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். முழங்கால் சில மாதம்வரை வெதுவெதுப்பாக இருக்கும். தழும்பின் வெளிப்பக்கம் மரத்துப்போயிருக்கும். நடக்கும்போது டிக் டிக் என்று சத்தம் வரும், உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டிக்கொள்ளும் ஓசை அது. இரண்டாம் மூன்றாம் வாரத்தில் தூக்கம் கெடுவதும், காரணமில்லாமல் மனம் சோர்வதும் நிறையப் பேருக்கு வருகிறது. "ஏன் செய்துகொண்டோம்" என்றுகூடச் சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். போன வாரம் எப்படி நடந்தார், இந்த வாரம் எப்படி நடக்கிறார் என்று நினைவுபடுத்துங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையையோ ஊசியையோ, நடக்கிறார்தானே என்று நிறுத்தக்கூடாது. இரண்டு முதல் ஐந்து வாரம்வரை அது தொடரும்.

இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு

இவர்களுக்குக் கவலை மூட்டு நழுவுவது. பின்பக்கம் வழியாகச் செய்த ஆபரேஷன் என்றால், இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்காமல், கால் மேல் கால் போடாமல், பாதத்தை உள்பக்கம் திருப்பாமல் இருக்கச் சொல்வார்கள். நடைமுறையில் இதற்கு அர்த்தம்: குனிந்து செருப்பு மாட்டவேண்டாம், தரையில் விழுந்ததை எடுக்கவேண்டாம், தாழ்வாக உட்காரவேண்டாம், பக்கவாட்டில் படுத்தால் கால்களுக்கு இடையே தலையணை வைக்கவேண்டும், திரும்பும்போது ஊன்றிய காலிலேயே சுழலாமல் சிறு சிறு அடி வைத்துத் திரும்பவேண்டும். நீண்ட கைப்பிடியுள்ள செருப்பு மாட்டியும், பொருள் எடுக்கும் இடுக்கியும் வாங்கிவைத்தால் மிகவும் உதவும். முன்பக்கம் வழியாகச் செய்தவர்களுக்கு விதிகள் வேறு. எது உங்களுக்கு, எத்தனை வாரத்துக்கு என்று எழுதி வாங்குங்கள். பயத்தில் எல்லா அசைவையும் நிறுத்திவிடக்கூடாது, நடை இவர்களுக்கும் முக்கியப் பயிற்சி.

உடனே தொலைபேசியை எடுக்க வேண்டியவை

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம்: ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போகவேண்டும், நுரையீரலுக்கு ரத்தக்கட்டி போயிருக்கலாம். கெண்டைக்காலில் புதிதாக வலி, காலை உயர்த்தினாலும் இறங்காத வீக்கம், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், காயத்தில் நிற்காத கசிவு, பரவும் சிவப்பு, சீழ் என்றால் அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும். காயம் கசியும்போது வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். கிருமி இருந்தால் அதை அடையாளம் காண்பதையே அது கடினமாக்கிவிடும். இடுப்பு மாற்றியவருக்குத் திடீரென்று கடும் வலி வந்து கால் ஊன்ற முடியாமல், கால் குட்டையாகவோ திரும்பியோ தெரிந்தால் மூட்டு நழுவியிருக்கலாம். அவரை நகர்த்தாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

படி 10: ஆறாவது வாரம்வரையும் அதற்கு அப்பாலும்

வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும் நேரத்தைப் பிசியோதெரபிஸ்ட் சொல்வார். கைத்தடியை ஆபரேஷன் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கவேண்டும். பலரும் மாற்றிப் பிடிக்கிறார்கள். நொண்டாமல் நடக்க முடியும்வரை தடியை விடவேண்டாம். தடியில்லாமல் நொண்டி நடந்து பழகிவிட்டால் அந்த நடையை மாற்றுவது கடினம்.

வண்டி ஓட்ட ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். வலுவான வலி மருந்துகளை நிறுத்தியிருக்கவேண்டும், அவசரத்தில் பிரேக்கை அழுத்தக் காலில் வேகமும் பலமும் இருக்கவேண்டும். மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

முழங்கால் மாற்றியவருக்கு ஆறு வாரம் ஆகியும் 90 டிகிரிக்குப் பக்கத்தில்கூட மடங்கவில்லை என்றால் "போகப் போகச் சரியாகும்" என்று காத்திருக்காதீர்கள். மயக்கம் கொடுத்து மூட்டை மெதுவாக மடக்கிவிடும் ஒரு சிகிச்சை இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் அதற்கு நல்ல பலன், அதற்குப் பிறகு உள்ளே தழும்புத் திசு இறுகிவிடும். ஆறாவது வாரப் பரிசோதனைக்குப் போகும்போது, நேராக்கவும் மடக்கவும் முடிகிற டிகிரியை அளந்து தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை அளக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் வேண்டும்.